பண்ணை டிரவுட் மீன்களின் செவுள் நோய்கள்

பண்ணை டிரவுட் மீன்களின் செவுள் நோய்கள் என்பது, தொட்டிகளிலும் ஓடுநீர்க் கால்வாய்களிலும் வளர்க்கப்படும் டிரவுட் மீன்களின் மூச்சு உறுப்பான செவுளைத் தாக்கும் பலவகை நோய்களின் பொதுப்பெயர் ஆகும். பாக்டீரியா, ஒட்டுண்ணி, அமீபா, பூஞ்சை ஆகிய உயிரிகளாலும், கலங்கல், அம்மோனியா, வாயு மிகை போன்ற நீர்க்குறைகளாலும், தீவனத்தில் உள்ள சத்துக் குறைபாட்டாலும் இவை உண்டாகின்றன. உலகில் மிகுதியாக வளர்க்கப்படும் டிரவுட் இனமான வானவில் டிரவுட் மீனில் இந்நோய்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன.

காரணங்கள் பலவாக இருந்தாலும் மீன் இறக்கும் விதம் ஏறத்தாழ ஒன்றே. செவுள் தடித்து, கோழை மூடி, நீரிலிருந்து ஆக்சிஜனை எடுக்க முடியாமல் போகிறது. உடல் உப்புகளும் நீரில் கசிந்துவிடுகின்றன. அதனால் எந்தச் செவுள் நோயிலும் முதல் உதவி மருந்து அன்று. ஆக்சிஜனைக் கூட்டுவதும் தீவனத்தை நிறுத்துவதுமே ஆகும். காரணம் அறியாமல் அவசரமாக ஊற்றப்படும் மருந்து, நோயை விட விரைவாக மீன்களைக் கொல்லக்கூடும்.

செவுளின் அமைப்பும் பணிகளும்

டிரவுட் மீனின் தலையின் ஒவ்வொரு பக்கத்திலும், செவுள் மூடிக்கு அடியில் நான்கு செவுள் வில்கள் உள்ளன. ஒவ்வொரு வில்லிலும் இரண்டு வரிசைகளாகச் செவுள் இழைகள் சீப்பின் பற்களைப் போல அமைந்திருக்கும். ஒவ்வோர் இழையின் இரு பக்கங்களிலும் நுண்தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். மூச்சு நடப்பது இந்த நுண்தகடுகளில்தான். இவற்றின் தோல் மிக மெல்லியது. நீருக்கும் குருதிக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை விடவும் குறைவு. ஒரு கிலோ எடையுள்ள வானவில் டிரவுட்டின் செவுள் பரப்பை விரித்தால் சுமார் 0.2 சதுர மீட்டர் வரும்.

இத்தனை பரப்பு தேவைப்படுவதற்குக் காரணம் நீரின் இயல்பு. 15 °செ. வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் சுமார் 10 மி.கி. மட்டுமே. அதே அளவு காற்றில் இதைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு ஆக்சிஜன் உள்ளது. இந்தச் சிறு அளவையும் வீணாக்காமல் எடுப்பதற்காக, நுண்தகட்டினுள் குருதி ஒரு திசையிலும் வெளியே நீர் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன.

மூச்சு விடுவதோடு செவுளின் வேலை முடிவதில்லை. மீனின் உடலில் உண்டாகும் அம்மோனியாவின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக அன்றி, செவுள் வழியாகவே வெளியேறுகிறது. நன்னீரில் வாழும் மீனின் உடலிலிருந்து சோடியமும் குளோரைடும் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். அவற்றை நீரிலிருந்து மீட்டெடுப்பதும், குருதியின் அமில காரச் சமநிலையைக் காப்பதும் செவுளில் உள்ள சிறப்புச் செல்களின் பணி. எனவே செவுள் கெட்ட மீன், நுரையீரலும் சிறுநீரகமும் ஒருசேரப் பழுதான விலங்கின் நிலையில் உள்ளது.

நோய் வளரும் விதம்

எரிச்சலூட்டும் பொருள் எதுவாயினும் செவுள் அதை எதிர்கொள்ளும் முறைகள் சிலவே. முதலில் கோழை மிகுதியாகச் சுரக்கிறது. அடுத்து, நுண்தகட்டை மூடிய மெல்லிய தோல் வீங்கிப் பிரிகிறது. எரிச்சல் தொடர்ந்தால் தோலின் செல்கள் பெருகி, நுண்தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை நிரப்புகின்றன. இறுதியில் அடுத்தடுத்த நுண்தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இழையின் நுனி தடித்த கதை போலாகிவிடும்.

இவை யாவும் உடலைக் காக்க எழும் எதிர்வினைகளே. நச்சையும் கிருமியையும் குருதியிலிருந்து தள்ளி வைக்க, தோல் தடிக்கிறது. ஆனால் அதே தடிப்பு ஆக்சிஜனையும் தள்ளி வைத்துவிடுகிறது. பல செவுள் நோய்களில் மீனைக் கொல்வது கிருமி மட்டுமன்று, கிருமிக்கு எதிராகச் செவுள் எழுப்பும் சுவரும்தான்.

இந்தக் கேடு தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. ஓய்வில் இருக்கும் டிரவுட் தன் நுண்தகடுகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் மட்டுமே குருதியைச் செலுத்துகிறது. மீதி இருப்பில் இருக்கும். செவுளில் ஒரு பகுதி கெட்டாலும், அசையாமல் நிற்கும் மீன் நலமாகவே தோன்றும். தீவனம் உண்ட பிறகு செரிமானத்துக்கும், வலையில் பிடித்துத் தரம் பிரிக்கும்போது துள்ளுவதற்கும் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். அப்போது அந்த இருப்பு இல்லாதது வெளிப்படுகிறது. நேற்று வரை நன்றாக இருந்த மீன்கள் தரம் பிரித்த மாலையிலேயே செத்து மிதப்பதற்கு இது முக்கியமான காரணம்.

நோய்க்குறிகள்

செவுள் நோய் கண்ட மீன்களின் நடத்தை, இறப்புக்கு முன்பே செய்தி சொல்லிவிடும். கவனிக்க வேண்டியவை:

- தீவனத்துக்கு மேலே வராமை. பெரும்பாலும் இதுவே முதல் அறிகுறி.
- நீர் நுழைவாயின் அருகில் கூடுதல், அல்லது நீரோட்டத்தை எதிர்நோக்கி மேற்பரப்பில் இடைவெளி விட்டு வரிசையாக நிற்றல்.
- செவுள் மூடிகள் வேகமாக அசைதல், முழுமையாக மூடாமல் விரிந்து நிற்றல்.
- அடிக்கடி ‘இருமுதல்’. செவுளில் சிக்கியதை வெளியேற்ற, மீன் நீரைத் திடீரெனப் பின்னோக்கித் தள்ளும்.
- தொட்டிச் சுவரிலும் தரையிலும் உடலை உரசுதல். இது ஒட்டுண்ணிகளின் தாக்குதலில் மிகுதி.
- நிழல் விழுந்தாலும் விலகி ஓடாத சோர்வு.

செவுளின் நிறமும் பயனுள்ள தடயம். நலமான செவுள் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். வெளிறிய செவுள் குருதிச்சோகையைக் காட்டுகிறது. அதன் காரணம் செவுளுக்கு வெளியே, சிறுநீரகத்திலோ உடல் முழுதும் பரவிய தொற்றிலோ இருக்கலாம். பழுப்பு நிறச் செவுள் நீரில் நைட்ரைட்டு மிகுந்ததைக் குறிக்கும். நைட்ரைட்டு குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏந்த இயலாத வடிவமாக மாற்றிவிடுகிறது. மஞ்சள் கலந்த பழுப்புத் திட்டுகள் திசு அழுகலைக் காட்டுகின்றன. வீங்கிச் சாம்பல் படலம் மூடிய செவுள் பாக்டீரியாவையோ நுண்ணிய ஒட்டுண்ணிகளையோ சுட்டும். எனினும் நிறத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய இயலாது.

நீரால் உண்டாகும் செவுள் நோய்கள்

தொற்று எதுவும் இன்றி நீரின் தரக்குறைவு ஒன்றே செவுளைக் கெடுக்கக்கூடும். தொற்றுக்கு வழி திறந்து வைப்பதும் பெரும்பாலும் இதுவே.

கலங்கல்: மழைக்கால மண், சிதறிய தீவனத் தூள், மீன் கழிவு ஆகிய மிதக்கும் துகள்கள் நுண்தகடுகளைத் தொடர்ந்து உராய்கின்றன. கூர்மையான விளிம்புள்ள மணல் துகள்கள் மென்மையான களிமண்ணை விடத் தீங்கானவை. லிட்டருக்கு 25 மி.கி.க்குக் குறைவான மிதக்கும் துகள்கள் உள்ள நீர் மீன்களுக்குத் தீங்கற்றது என்பது ஐரோப்பிய உள்நாட்டு மீன்வள ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோல்.

அம்மோனியா: நீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் அயனியாகாத பகுதி மட்டுமே கடும் நச்சு. அதன் பங்கு நீரின் பி.எச். அளவைப் பொறுத்தது. 10 °செ. வெப்பநிலையில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்தத்தில் சுமார் 0.2 விழுக்காடே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது சுமார் 1.8 விழுக்காடாகிறது. ஒரே அளவு அம்மோனியா ஒரு பண்ணையில் தீங்கின்றியும், கடினநீர் கொண்ட வேறொரு பண்ணையில் ஆபத்தாகவும் இருப்பதற்கு இதுவே விளக்கம். டிரவுட் வளர்ப்பில் அயனியாகாத அம்மோனியாவை லிட்டருக்கு 0.02 மி.கி.க்குக் கீழே வைக்க வேண்டும் எனப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

வாயு மிகை: ஊற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் அழுத்தத்தில் நைட்ரஜனை மிகுதியாகக் கரைத்து வைத்திருக்கக்கூடும். எக்கியின் உறிஞ்சு குழாயில் உள்ள சிறு ஓட்டை வழியாகக் காற்று புகுந்தாலும் இதே நிலை வரும். இந்நீரில் உள்ள மீனின் செவுள் நாளங்களில் காற்றுக் குமிழிகள் தோன்றிக் குருதி ஓட்டத்தை அடைக்கின்றன. நீரைத் தொட்டிக்கு விடும் முன் படிகளிலோ துளையிட்ட தட்டுகளிலோ விழச்செய்தால், மிகை வாயு வெளியேறி ஆக்சிஜனும் கூடும்.

இரும்பும் அலுமினியமும்: நிலத்தடி நீரில் கரைந்துள்ள இரும்பு, காற்றுப் பட்டதும் துருநிறப் படிவாகிச் செவுளிலும் முட்டைகளிலும் படிகிறது. அமிலத் தன்மை உள்ள நீரில் அலுமினியம் செவுள் மேல் படிந்து மீன்களைக் கொல்கிறது. நார்வேயில் அமில மழையால் ஏரிகளிலும் ஆறுகளிலும் டிரவுட், சால்மன் மீன்கள் அழிந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

பாக்டீரியா செவுள் நோய்

குஞ்சு பொரிப்பகங்களில் மிகவும் அஞ்சப்படும் செவுள் நோய் இது. அமெரிக்க மீன் நோய் ஆய்வாளர் எச்.எஸ். டேவிஸ் 1926இல் இதை டிரவுட் மீன்களின் புதிய செவுள் நோயாக விவரித்தார். செவுளின் மேல் நீண்ட இழை போன்ற பாக்டீரியாக்கள் அடர்ந்து படிந்திருப்பதை அவர் கண்டார். ஆனால் அந்த பாக்டீரியாவை வளர்த்து அடையாளம் காண்பது எளிதாக இல்லை. வழக்கமான ஆய்வக ஊடகங்களில் அது வளராது, தகுந்த ஊடகத்திலும் மெதுவாகவே வளரும். ஜப்பானிய ஆய்வாளர் வாகாபயாஷியும் அவருடைய குழுவினரும் 1989இல் அதைத் தனி இனமாக விவரித்துப் பெயரிட்டனர். அது இன்று ஃபிளேவோபாக்டீரியம் பிராங்கியோஃபிலம் எனப்படுகிறது. ‘செவுளை விரும்புவது’ என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள்.

நோயின் தன்மை

இந்த பாக்டீரியா திசுவுக்குள் புகுவதில்லை. நுண்தகடுகளின் மேற்பரப்பில் பாய் விரித்தாற்போல் ஒட்டிக்கொள்கிறது. அதனால் செவுளின் தோல் வீங்கி, செல்கள் பெருகி, நுண்தகடுகள் ஒட்டுகின்றன. மீன் ஒருபுறம் ஆக்சிஜன் இன்றித் தவிக்கிறது. மறுபுறம் குருதியில் உள்ள சோடியமும் குளோரைடும் வேகமாகக் குறைகின்றன. சில கிராம் எடையுள்ள குஞ்சுகளே எளிதில் பலியாகின்றன. நோய் தோன்றி ஓரிரு நாட்களில் இறப்பு திடீரென உயர்வது இதன் இயல்பு.

கிருமியா, நீரா?

நெரிசல், குறைந்த ஆக்சிஜன், அம்மோனியா, தீவனத் தூள் ஆகியவை செவுளைக் கெடுத்த பின்னரே பாக்டீரியா குடியேறுகிறது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் நடந்த ஆய்வுகள் இதில் தெளிவு தந்தன. நல்ல நீரில் இருந்த நலமான மீன்களையும் இந்தக் கிருமி தனித்தே நோயுறச் செய்ய முடியும் என அவை காட்டின. அதே ஆய்வுகளில் இன்னொரு முடிவும் வெளிவந்தது: கிருமிக்கு ஆளான மீன்களில் தீவனம் நிறுத்தப்பட்டவை, தீவனம் உண்டவற்றை விட மிகக் குறைவாகவே இறந்தன.

எனவே நீர் நன்றாக இருந்தால் இந்நோய் வராது என்று சொல்ல முடியாது. வந்த நோயில் எத்தனை மீன்கள் பிழைக்கும் என்பதை நீரும் தீவனமும் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதே சரியானது.

காலம்னாரிஸ் நோய்

இதே பாக்டீரியா பேரினத்தைச் சேர்ந்த ஃபிளேவோபாக்டீரியம் காலம்னேர் உண்டாக்கும் நோய், நீர் வெப்பநிலை உயரும் கோடைக் காலத்தில் மிகுதி. முந்தைய நோயைப் போலன்றி இது திசுவை அழிக்கிறது. செவுள் இழைகள் மஞ்சள் பழுப்பாகி, நுனியிலிருந்து அரித்துப் போகும். தோலிலும் துடுப்பிலும் வெண்மையான புண்கள் தோன்றலாம். உடலுக்குள்ளும் பரவக்கூடியது என்பதால், மேற்பரப்புக் குளியல் மருந்துகள் மட்டும் போதாமல் போகலாம்.

ஒட்டுண்ணிகள்

இக்தியோபோடோ: முன்னர் காஸ்டியா எனப்பட்ட இந்த ஒருசெல் ஒட்டுண்ணி, சவுக்கு போன்ற இழைகளால் நீந்தி வந்து செவுளிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். முதல் தீவனம் எடுக்கும் பருவத்துக் குஞ்சுகளைக் கூட்டமாகக் கொல்லக்கூடியது. மீனின் உடலில் நீலச்சாம்பல் படலம் தெரியும்.

வெண்புள்ளி நோய்: இக்தியோஃப்திரியஸ் என்னும் ஒட்டுண்ணி தோலுக்கும் செவுள் தோலுக்கும் அடியில் புகுந்து வளர்கிறது. அங்கிருக்கும் வரை மருந்து அதை எட்டாது. முதிர்ந்து வெளியேறி, தொட்டித் தரையில் பல நூறாகப் பிரிந்து, புதிய மீனைத் தேடி நீந்தும் பருவத்தில் மட்டுமே அதைக் கொல்ல இயலும். இந்தச் சுழற்சி குளிர்ந்த நீரில் பல வாரங்களும், வெதுவெதுப்பான நீரில் சில நாட்களுமே எடுக்கும். ஆகவே சிகிச்சையை வெப்பநிலைக்கு ஏற்ப இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

டிரைகோடினா: வட்டத் தட்டு வடிவில் சுழலும் இந்த உயிரி சிறு எண்ணிக்கையில் பெரும்பாலான பண்ணைகளில் உண்டு. அது திடீரெனப் பெருகினால், நீரில் கரிமக் கழிவு கூடிவிட்டது என்று பொருள்.

செவுள் பேன்: சால்மின்கோலா என்னும் ஓட்டுடலி இனம். பெண் உயிரி அரிசி மணி போல வெண்மையாகச் செவுளில் தொங்குவதை வெறுங்கண்ணால் காணலாம். வட அமெரிக்காவில் இது பண்ணைகளுக்குப் பெரும் தொல்லை.

அமீபாக்கள்

நன்னீர் டிரவுட் பண்ணைகளில் அமீபாக்களோடு தொடர்புடைய ‘முடிச்சுச் செவுள் நோய்’ 1985இல் கனடாவிலிருந்து விவரிக்கப்பட்டது. பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் காணப்பட்டது. செவுளில் வெண்மையான சிறு முடிச்சுகள் தோன்றுவது இதன் அடையாளம். ஒரே அமீபா இனத்தை அன்றி, பல இனங்களை இந்நோயில் கண்டுள்ளனர்.

கடல் கூண்டுகளில் வளர்க்கப்படும் சால்மன், டிரவுட் மீன்களைத் தாக்குவது வேறொரு நோய். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1980களில் இது கண்டறியப்பட்டது. இதன் காரணியான நியோபாரமீபா பெரூரன்ஸ் 2007இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. மீன்களைச் சில மணி நேரம் நன்னீரில் வைத்திருப்பதே இதற்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் சிகிச்சை. கடல் அமீபாவால் நன்னீரைத் தாங்க இயலாது. டிரவுட் மீனால் இயலும்.

பூஞ்சையும் சத்துக் குறைபாடும்

சாப்ரோலெக்னியா என்னும் பூஞ்சை போன்ற உயிரி பஞ்சு வடிவில் செவுளில் படரும். பெரும்பாலும் முன்பே புண்பட்ட திசுவில்தான் அது குடியேறுகிறது. எனவே அதைக் கண்டால், புண் எதனால் வந்தது என்று தேட வேண்டும்.

தீவனத்தில் பான்டோதெனிக் அமிலம் என்னும் பி வகை உயிர்ச்சத்து குறைந்தால், நுண்தகடுகள் ஒட்டி இழைகள் கதை போல் தடிக்கும். பாக்டீரியா செவுள் நோயைப் போலவே தோன்றினாலும் நுண்ணோக்கியில் கிருமிகள் தென்படா. உயிர்ச்சத்துகள் சேர்க்கப்பட்ட குருணைத் தீவனம் பரவிய பின் இந்நோய் அரிதாகிவிட்டது. காலாவதியான தீவனத்தையும், வெப்பத்திலும் ஈரத்திலும் நாட்பட்டுக் கிடந்த தீவனத்தையும் பயன்படுத்தும் பண்ணைகளில் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நோயறிதல்

செவுள் நோயைக் கண்டறிய விலையுயர்ந்த ஆய்வகம் முதலிலேயே தேவைப்படுவதில்லை. 100 முதல் 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி, கத்தரிக்கோல், கண்ணாடிச் சில்லு, ஆக்சிஜன் மீட்டர் ஆகியவை போதும்.

மாதிரிக்கு எடுக்க வேண்டியது உயிரோடு உள்ள, நோய்க்குறி தெரியும் மீன். செத்து மிதக்கும் மீனின் செவுள் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கிவிடும். ஒட்டுண்ணிகள் உதிர்ந்துவிடும், நீரில் உள்ள வேறு பாக்டீரியாக்கள் படர்ந்துவிடும். மீனை வலியின்றிக் கொன்று, இழைகளின் நுனியை வெட்டி, தொட்டி நீரின் ஒரு துளியில் வைத்து உடனே பார்க்க வேண்டும். அசையும் ஒட்டுண்ணிகள், குமிழிகள், மண் துகள்கள், ஒட்டிய நுண்தகடுகள் ஆகியவை இதிலேயே தெரியும். இழை வடிவ பாக்டீரியாக்களைப் பார்க்க, செவுளை ஒற்றியெடுத்துச் சாயமிட்டுப் பார்ப்பது வழக்கம். ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய செவுளை, நடுநிலையாக்கிய 10 விழுக்காடு ஃபார்மலினில் உடனே இட வேண்டும்.

அதே வேளையில் ஆக்சிஜன், வெப்பநிலை, பி.எச்., அம்மோனியா, நைட்ரைட்டு ஆகியவற்றை அளக்க வேண்டும். ஆக்சிஜனை நுழைவாயில் மட்டும் அளந்தால் போதாது. நீர் வெளியேறும் இடத்தில், தீவனம் இட்ட ஓரிரு மணி நேரத்துக்குப் பின் உள்ள அளவே மீன்களின் உண்மை நிலையைக் காட்டும்.

முதல் நடவடிக்கைகள்

நோய் ஐயம் எழுந்ததும், காரணம் தெரியும் வரை காத்திராமல் செய்ய வேண்டியவை:

1. தீவனத்தை உடனே நிறுத்துதல். செரிமானத்துக்கான ஆக்சிஜன் தேவையும், அம்மோனியா சுரப்பும் இதனால் குறையும்.
2. நீர்வரத்தைக் கூட்டுதல், காற்றூட்டியை இயக்குதல்.
3. தரையில் படிந்த கழிவை, மீன்களைக் கலைக்காமல் மெதுவாக அகற்றுதல்.
4. தரம் பிரித்தல், இடமாற்றம், வண்டியில் ஏற்றுதல் அனைத்தையும் தள்ளி வைத்தல்.
5. இறந்த மீன்களை அகற்றி, அன்றாட எண்ணிக்கையைக் குறித்து வைத்தல்.
6. உயிருள்ள மீனின் செவுளை நுண்ணோக்கியில் பார்த்தல்.

இவற்றுக்குப் பின்னரே மருந்து.

மருந்துக் குளியல்

பாக்டீரியா செவுள் நோய்க்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இரண்டு மருந்துகளை ஏற்றுள்ளது. ஹைட்ரஜன் பெராக்சைடு 2007இலும், குளோரமின்-டி 2014இலும் ஒப்புதல் பெற்றன. குளோரமின்-டி லிட்டருக்கு 12 முதல் 20 மி.கி. அளவில், நாளுக்கு 60 நிமிடம் வீதம் மூன்று முறை அடுத்தடுத்த நாட்களிலோ ஒன்றுவிட்ட நாட்களிலோ அளிக்கப்படுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு லிட்டருக்கு 100 மி.கி. எனில் 30 நிமிடமும், 50 முதல் 100 மி.கி. எனில் 60 நிமிடமும், ஒன்றுவிட்ட நாட்களில் மூன்று முறை அளிக்கப்படுகிறது. இவை அந்நாட்டு அளவுகள். பிற நாடுகளில் எந்த மருந்துக்கு அனுமதி உண்டு என்பதை மீன்வளத் துறையிடமோ மீன் மருத்துவரிடமோ கேட்டறிய வேண்டும்.

மருந்தே கேடாக மாறும் சூழ்நிலைகள் உண்டு:

- குளோரமின்-டி மென்னீரிலும் அமிலத் தன்மை உள்ள நீரிலும் கூடுதல் நச்சாகிறது. மலை ஓடைகளின் நீர் பெரும்பாலும் இத்தகையது.
- ஹைட்ரஜன் பெராக்சைடின் நச்சுத்தன்மை வெப்பநிலையோடு உயரும். அதிகாலைக் குளிரில் அளிப்பது நல்லது.
- ஒட்டுண்ணிகளுக்குப் பயன்படும் ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும். காற்றூட்டாமல் அளிப்பது, மூச்சுத் திணறும் மீனுக்கு இறுதி அடியாகும்.
- மயில்துத்தம் மென்னீரில் டிரவுட் மீனுக்குக் கடும் நச்சு.
- மாலகைட் பச்சை உணவு மீன்களுக்குப் பல நாடுகளில் தடை செய்யப்பட்டுள்ளது.

கணக்குப் பிழையும் பெரும் ஆபத்து. 10 கன மீட்டர் நீர் உள்ள தொட்டியில் லிட்டருக்கு 15 மி.கி. அளவை எட்ட 150 கிராம் மருந்து தேவை. ஒரு சுழியம் கூடி 1.5 கிலோ ஆகிவிட்டால் தொட்டி முழுவதும் அழியும். கணக்கை இருவர் தனித்தனியே போட்டு ஒப்பிடுவதும், முழுத் தொட்டிக்கு அளிக்கும் முன் சில மீன்களில் சோதிப்பதும், புதிய நீரை உடனே திறந்துவிட ஆயத்தமாக இருப்பதும் நல்ல வழக்கங்கள்.

எளிதில் கிடைக்கும் கறியுப்பும் பயன்படுகிறது. ஒரு விழுக்காடு உப்பு நீரில் சிறிது நேரம் வைப்பது கோழையையும் சில ஒட்டுண்ணிகளையும் நீக்கும். உப்பு இழப்பையும் ஓரளவு தணிக்கும். 10 கன மீட்டர் தொட்டிக்கு இதற்கே 100 கிலோ உப்பு வேண்டும் என்பதால் இது குஞ்சுத் தொட்டிகளுக்கே ஏற்றது.

இறப்பு நின்றதும் செவுள் ஆறிவிட்டதாகக் கொள்ளக் கூடாது. ஒட்டிய நுண்தகடுகள் பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை தீவனத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

தடுப்பு முறைகள்

தடுப்பின் அடிப்படை, நீர் தாங்கும் அளவுக்கு மேல் தீவனம் இடாதிருத்தல். ஒரு கிலோ தீவனத்தைச் செரித்து வளர, மீன்களுக்குச் சுமார் 200 முதல் 250 கிராம் ஆக்சிஜன் தேவை. அதிலிருந்து சுமார் 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளியேறும். நொடிக்கு ஒரு லிட்டர் வீதம் வரும் நீர் ஒரு நாளில் 86,400 லிட்டர். அது 9 மி.கி. ஆக்சிஜனோடு நுழைந்து 6 மி.கி.யோடு வெளியேறினால், மீன்களுக்குக் கிடைப்பது சுமார் 260 கிராம். அதாவது காற்றூட்டி இல்லாத பண்ணையில், நொடிக்கு ஒரு லிட்டர் நீர்வரத்து நாளுக்கு ஒரு கிலோ தீவனத்தைத்தான் தாங்கும். கோடையில் ஓடை வற்றும்போது இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிற முறைகளில் முக்கியமானவை: குஞ்சுகளுக்கு ஓடை நீருக்கு மாறாக, மீன்கள் வாழாத ஊற்று நீரைத் தருதல், கலங்கல் நீரைப் படிவுத் தொட்டியில் தங்கவைத்து விடுதல், தூளாகாத தீவனத்தைப் பயன்படுத்துதல், புதிதாக வாங்கிய குஞ்சுகளைத் தனித்து வைத்துக் கண்காணித்தல், வலை, வாளி போன்றவற்றைத் தொட்டிக்குத் தொட்டி தனியே வைத்தல், வாரம் ஒரு முறை சில மீன்களின் செவுளை நுண்ணோக்கியில் பார்த்தல்.

இந்திய, இலங்கை மலைப்பகுதிகள்

டிரவுட் தெற்காசியாவின் இயல்பான மீன் அன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவரப்பட்டது. நீலகிரியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி சார்ல்ஸ் வில்சனின் முயற்சியால் வானவில் டிரவுட் நிலைபெற்றது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. மூணாறு மலைகளிலும் இலங்கையின் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பகுதிகளிலும் டிரவுட் விடப்பட்டது. உணவுக்கான வளர்ப்பு இன்று காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்டம், சிக்கிம் ஆகிய இமயமலைப் பகுதிகளில் நடக்கிறது. காஷ்மீரின் கோக்கர்நாக், இமாச்சலத்தின் பட்லிகூல் ஆகியவை அறியப்பட்ட பண்ணைகள்.

செவுள் நலம் குறித்து இம்மலைப்பகுதிகளுக்கு மூன்று தனித்தன்மைகள் உண்டு. முதலாவது உயரம். காற்றழுத்தம் குறைவதால் நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும், 15 °செ. நீரில் கடல்மட்டத்தில் 10 மி.கி. ஆக உள்ள உச்ச அளவு, 2,000 மீட்டர் உயரத்தில் சுமார் 8 மி.கி. தான். மேலே சொன்ன கணக்கில் 9 மி.கி.க்குப் பதில் 8 மி.கி. எனக் கொண்டால், அதே நீர்வரத்து தாங்கும் தீவனம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரண்டாவது பருவமழை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. இத்தகைய மழையில் ஓடைகள் சேறாக மாறும். நீர்வரத்து மிகுந்திருக்கும் அந்நாட்களில் ஆக்சிஜன் குறைவதில்லை. மண் துகள்களே செவுளைக் கெடுக்கின்றன. மூன்றாவது, மென்னீர். அம்மோனியாவின் நச்சு இதில் குறைவு என்பது நன்மை. குளோரமின்-டி, மயில்துத்தம் ஆகியவற்றின் நச்சு கூடுதல் என்பது தீமை. கடினநீர் கொண்ட பண்ணைகளுக்காக வகுத்த மருந்தளவை இங்கே அப்படியே பின்பற்றலாகாது.

மழைக்கு முன் படிவுத் தொட்டியைத் தூர்வாரி வைப்பதும், கலங்கல் நீர் வரும் நாட்களில் தீவனத்தை நிறுத்துவதும் செலவில்லாத முறைகள். செவுளில் சேதம் இருந்தாலும், வயிறு காலியாக உள்ள மீனுக்கு மிஞ்சிய செவுள் பரப்பே மூச்சுக்குப் போதுமானதாக இருக்கும்.